வீனஸ் ஃபிளைட்ராப் ஏன் கருகியது? நம் ஊரில் எந்தப் பூச்சி தின்னும் செடி வளரும்?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆன்லைனில் 850 ரூபாய்க்கு ஒரு வீனஸ் ஃபிளைட்ராப் வாங்கினேன். செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து மண்தொட்டியில் நட்டு, தினமும் போர் தண்ணீர் ஊற்றினேன். பூச்சி சரியாகக் கிடைக்காததால் வாரம் ஒருமுறை சின்னக் கோழிக்கறித் துண்டு வைத்தேன். மூன்றே வாரத்தில், பூச்சியைப் பிடிக்க மூடிக்கொள்கிற இலை இருக்கிறதே, அந்த வாய் எல்லாமே கருகிவிட்டது. நம் ஊர் வெயிலை இந்தச் செடி தாங்காதா? வேறு எந்தப் பூச்சி தின்னும் செடி இங்கே வளரும்? வீட்டில் கொசுவாவது குறையுமா?"

வெயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, செடியைக் கொன்றது ஊரா நீங்களா என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. மூன்று வாரத்தில் கருகியதற்கு வெயில் காரணம் இல்லை. மண்ணும் தண்ணீரும்தான் காரணம். கறித்துண்டு அதை இன்னும் விரைவுபடுத்தியிருக்கும். மற்ற எந்தச் செடிக்கும் நல்லது என்று நாம் செய்கிற எல்லாவற்றையும் நீங்கள் இதற்கும் செய்திருக்கிறீர்கள், அதனால் உங்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். 14 வருடமாகத் திருச்சியில் மொட்டை மாடியில் இந்தச் செடிகளை வளர்க்கிறேன். படித்ததையும் கைப்பட வளர்த்துக் கண்டதையும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே உறுதி கிடையாது.

செடியை இப்போதே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மண்ணோடு மெதுவாக வெளியே எடுத்து, இலைகள் எல்லாம் சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். சின்ன வெங்காயத்தின் அடி மாதிரி வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழவென்று நாற்றம் அடித்தால் முடிந்துவிட்டது. உயிர் இருந்தால், ஒட்டியிருக்கும் மண் அத்தனையும் போகும்வரை சுத்தமான தண்ணீரில் வேரை அலசி, நான் கீழே சொல்கிற கலவையில் நடுங்கள். புது இலை தலைகாட்ட ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகலாம். அதுவரை எதையும் ஊட்ட வேண்டாம். இன்னொன்று, ஒன்றிரண்டு வாய் கருகுவது இயல்பு. ஒரு வாய் சில தடவை மூடித் திறந்த பிறகு தானே பழுத்து உதிரும். எல்லாம் ஒரே சமயத்தில் கருகினால்தான் வேரில் கோளாறு என்று பொருள்.

இந்தச் செடியின் சொந்த ஊரைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும். உலகம் முழுக்கத் தேடினாலும் வீனஸ் ஃபிளைட்ராப் இயற்கையாக வளர்வது ஒரே ஒரு வட்டாரத்தில்தான்: அமெரிக்காவில் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளி. வில்மிங்டன் என்ற ஊரைச் சுற்றி ஏறக்குறைய 100 மைலுக்குள் அடங்கிவிடும். வட கரோலினாவின் ஆளுநராக இருந்த ஆர்தர் டாப்ஸ் 1759-இல் எழுதிய கடிதத்தில்தான் இது முதன்முதலில் குறிப்பிடப்படுகிறது. அங்கே கோடையில் 32 டிகிரி சாதாரணம், புழுக்கமும் உண்டு. ஆகவே சூடு இதற்குப் புதிதில்லை. அங்கே இருப்பது மணலும் மக்கிய பாசியும் கலந்த, எப்போதும் ஈரம் கோத்திருக்கிற, புளிப்பான மண். பெய்கிற மழை மண்ணிலுள்ள சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். தழைச்சத்தும் மணிச்சத்தும் அங்கே அவ்வளவு அரிது. அவ்வப்போது காட்டுத்தீ வந்து உயரமான புல்லையும் புதரையும் எரித்துவிடுவதால்தான் தரையோடு கிடக்கிற இந்தச் செடிக்கு வெயில் கிடைக்கிறது.

அப்படிப்பட்ட இடத்தில் வேர் மூலம் சத்து கிடைக்காத செடி, பூச்சியிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. பசிக்குச் சாப்பிடுவதற்காகப் பூச்சி பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உணவை இதுவும் மற்றச் செடிகளைப் போல வெயிலில்தான் தயாரிக்கிறது. பூச்சி அதற்கு உரம். பூச்சியே கிடைக்காவிட்டாலும் நல்ல வெயில் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வளர்ச்சிதான் மெதுவாக இருக்கும். சார்லஸ் டார்வின் 1875-இல் இந்த வகைத் தாவரங்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பூச்சி தின்பதால் செடிக்கு உண்மையில் லாபம் உண்டா என்பதை அவர் மகன் பிரான்சிஸ் டார்வின் சோதித்து 1878-இல் வெளியிட்டார். இலையில் நிற்கும் பசைத்துளியால் பூச்சி பிடிக்கிற டிரோசீரா செடிகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் இறைச்சித் துணுக்கு கொடுத்துவந்தார். ஊட்டிய செடிகள் கூடுதலாகப் பூத்து, கூடுதலாக விதை கட்டின. ஆக, பயன் உண்டு. ஆனால் இலை வழியாகப் போகும்போதுதான் அது பயன். அதே சத்து வேர்ப் பக்கம் உரமாக வந்தால், சத்தில்லாத மண்ணுக்கே பழகிய வேர் வெந்துபோகும். உங்கள் மண்புழு உரம் செய்தது அதைத்தான்.

இப்போது தண்ணீர். இந்தச் செடிகளை வளர்க்கிறவர்கள் எல்லோரும் கருத்து வேறுபாடு இல்லாமல் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை டி.டி.எஸ். என்பார்கள். அதை அளக்கிற பேனா மாதிரியான மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செடி வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள் என்று கேட்கிற எல்லோருக்கும் சொல்வேன். 50 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 50 பங்குக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 100 வரை சில வகைகள் தாங்கும். என் வீட்டில் காவிரித் தண்ணீர் 280 காட்டுகிறது, போர் தண்ணீர் 1,150. மதுரையில் உங்கள் தெருவின் போர் எவ்வளவு காட்டும் என்று நீங்களே அளந்து பாருங்கள்; சட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு பூத்திருந்தால் மீட்டர் சொல்வதற்கு முன்பே விடை தெரிந்துவிடும். தட்டில் நிற்கும் நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் சட்டியிலேயே தங்கி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். மற்றச் செடிகள் மாதங்களில் காட்டும் வாட்டத்தை இது வாரங்களில் காட்டிவிடும்.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமே என்று கேட்பீர்கள். ஊற்றலாம், ஆனால் அளந்து பார்த்துவிட்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் என்னிடம் இருந்த ஃபிளைட்ராப் செடிகள் ஏழும் ஒரே கோடையில் மெலிந்துபோயின. ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று நம்பி அளக்காமல் விட்டிருந்தேன். கடைசியில் மீட்டரை வைத்தால் 140. மெஷினைச் சர்வீஸ் செய்தவர், குடிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருக்கிறார். குடிக்கிறவர்களுக்கு அது சரி. செடிக்கு அதற்கு முன்பு வருகிற குழாயிலிருந்து பிடிக்க வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் பெரும்பாலும் 20, 30 பி.பி.எம். தான் காட்டும். மூன்று கோடை அதை ஊற்றியிருக்கிறேன், ஒரு கெடுதலும் பார்க்கவில்லை. ஆனாலும் உள்ளே தூசியும் பாசியும் செம்புக் குழாயின் துகளும் கலந்து வர வாய்ப்பு இருக்கிறது. அதை நான் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்ததில்லை. டிரோசீராவுக்குத் தாராளமாக ஊற்றுகிறேன், விலை உயர்ந்த செடிக்கு ஊற்றுவதில்லை.

எல்லாவற்றையும்விட நல்லது மழைத்தண்ணீர். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்கிற ஒரே ஐப்பசி இரவில் ஆயிரம் லிட்டர் இறங்கும். இருபது செடிக்கு அடுத்த ஆனிவரை அது போதும். முதல் மழையை விட்டுவிடுங்கள். தளத்தில் இருக்கும் சுண்ணாம்பும் புறா எச்சமும் அதில்தான் வரும். இரண்டாவது, மூன்றாவது மழையைப் பிடித்து, வெளிச்சம் புகாத டிரம்மில், கொசு நுழையாமல் வலை கட்டி மூடி வையுங்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்ற வேண்டாம். சட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரல்கணு அளவுக்குத் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும், கீழிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும்.

மண் என்று சொல்கிறேனே தவிர, இதில் மண்ணே கிடையாது. ஸ்பேக்னம் பீட் மாஸ் (சதுப்புநிலத்தில் மக்கிய பாசி) ஒரு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி இருக்கும் லேசான வெள்ளைக் கல்) அல்லது நன்றாகக் கழுவிய சிலிக்கா மணல் ஒரு பங்கு. உரம் கலந்த பீட் மாஸும் கடையில் இருக்கிறது, பையில் எழுதியிருப்பதைப் படித்து அதைத் தவிர்த்துவிடுங்கள். எம்-சாண்டும், கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலும் வேண்டாம். மண்தொட்டி உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் பிளாஸ்டிக் சட்டியே நல்லது. கறுப்புச் சட்டி மே மாத மாடியில் அடுப்பு மாதிரி கொதிக்கும். வெள்ளைச் சட்டி வாங்குங்கள், அல்லது ஒரு சட்டியைப் பெரிய சட்டிக்குள் இறக்கி வையுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோகோபீட் மலிவாகக் கிடைக்கிறதே, அது ஆகாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இதில் வளர்ப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தேங்காய் நாரில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்து, அந்தத் தண்ணீரே மீட்டரில் 50-க்குக் கீழே காட்டும்வரை அலசினால் டிரோசீராவும், சின்னப் பைகளால் இரை பிடிக்கிற யூட்ரிகுலேரியாவும் அதில் நன்றாக வருகின்றன. எனக்கு ஏழெட்டு அலசல் தேவைப்பட்டது. ஃபிளைட்ராப்பை அதில் வைத்து நான் இரண்டு தடவை இழந்திருக்கிறேன்.

கோழிக்கறி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் செடி நன்றாக இருக்கும்போது ஒரு தடவை மட்டும் இதைச் செய்து பாருங்கள். ஈர்க்குச்சியின் நுனியால் வாயின் உட்பக்கம் இருக்கும் முடி ஒன்றைத் தொடுங்கள். ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று முடி நின்றுகொண்டிருக்கும். ஒன்றும் நடக்காது. உள்ளே விழுந்தது தூசியா மழைத்துளியா என்று தெரியாமல் செடி மூடாது. ஏறக்குறைய இருபது விநாடிக்குள் இன்னொரு தடவை தொட்டால், கண் இமைப்பதற்குள் சாத்திக்கொள்ளும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. உள்ளே மாட்டிய பூச்சி துடித்துத் துடித்து அந்த முடிகளை மறுபடி மறுபடி தொட்டால்தான் வாய் இறுக மூடிச் செரிமான நீரைச் சுரக்கும். தொடுதல்களைச் செடி எண்ணுகிறது என்றே ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஹெட்ரிச்சின் குழு 2016-இல் காட்டியது. அசையாமல் கிடக்கிற கோழித்துண்டு இரண்டாவது கட்டத்தைத் தொடங்கிவைக்காது. அதிலிருக்கும் கொழுப்பு செரிக்காமல் அழுகும், அழுகல் இலைக்கும் பரவும். ஊட்டியே ஆக வேண்டுமென்றால் மீனுக்குப் போடுகிற உலர்ந்த ரத்தப்புழுவை நனைத்து, வாயின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத அளவில் வைத்து, மூடிய பிறகு வெளியிலிருந்து பஞ்சுக்குச்சியால் அரை நிமிடம் மெதுவாக நீவிவிடுங்கள். மாதம் ஒரு வாய்க்குக் கொடுத்தால் தாராளம். மாடியில் வைத்தால் எறும்பையும் ஈயையும் அதுவே பிடித்துக்கொள்ளும். வருகிறவர்களெல்லாம் விரலை விட்டுப் பார்ப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வெற்று மூடலும் அந்த வாயின் ஆயுளில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

சரி, மண்ணும் தண்ணீரும் திருத்தியாகிவிட்டது, இனி மதுரையில் ஃபிளைட்ராப் நிலைக்குமா? உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. கரோலினாவில் குளிர்காலம் உண்டு, சில இரவுகளில் உறைபனியும் விழும். அந்த மூன்று நான்கு மாதம் செடி இலையைச் சுருக்கிக்கொண்டு கிழங்கில் ஒடுங்கிவிடும். அந்த ஓய்வு கிடைக்காவிட்டால் ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிவிட்டு, வாய் சிறுத்துச் சிறுத்து ஒருநாள் எழுந்திருக்காது. மார்கழி இரவில்கூட நமக்கு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சிலர் டிசம்பரில் செடியைப் பிடுங்கி, அலசி, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியில் சுற்றி, ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் மார்ச் வரை வைக்கிறார்கள். நானும் ஐந்து குளிர்காலம் அப்படிச் செய்தேன். வைத்ததில் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துப் போயின, மீந்தவை மார்ச்சில் அருமையாகத் துளிர்த்தன. ஊட்டியில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு வேறு ஒன்றுமே செய்யாமல் ஒன்பதாவது வருடமாக ஒரே செடியை வைத்திருக்கிறாள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு நான் ஃபிளைட்ராப்பைத் தயங்காமல் சொல்வேன். சமவெளியில் இருப்பவர்களுக்கு, ஆசை தீர ஒன்று வைத்துப் பாருங்கள், அது போனால் மனம் உடைய வேண்டாம் என்று சொல்வேன். குழல் மாதிரி இலையில் பூச்சி பிடிக்கிற வட அமெரிக்காவின் சாரசீனியாவுக்கும் இதே கதைதான், குளிர்கால ஓய்வு கட்டாயம்.

குடுவைத் தாவரம், அதாவது நெப்பந்தஸ், வெப்பநாட்டுச் செடி. அதற்கு ஓய்வுக்காலம் கிடையாது. இலை நுனி கொடிபோல நீண்டு, அதன் முனையில் குடுவை உருவாகும். பூச்சி விழுந்ததும் மூடி சாத்திக்கொள்ளும் என்று நம்மில் பலர் சின்ன வயதிலிருந்தே நம்பிவந்திருக்கிறோம். அந்த மூடி அசைவதே இல்லை, மழைத்தண்ணீர் உள்ளே நிரம்பாமல் இருக்கப் பிடித்த குடை அது. குடுவையின் விளிம்பு ஈரமானால் பூச்சியின் கால் நிற்காமல் வழுக்கும், அதுதான் பொறி. இந்தியாவில் இயற்கையாக இருப்பது ஒரே இனம், மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. காரோ, காசி, ஜெயின்டியா மலைகளில் வளர்கிறது. தெற்குக் காரோ மலையில் பாக்மாராவில் இதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கும் செடி இது, காட்டிலிருந்து எடுத்ததை வாங்கவே கூடாது. இலங்கையின் ஈரமண்டலக் காடுகளில் மட்டும் வளரும் நெப்பந்தஸ் டிஸ்டிலேட்டோரியாவைச் சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். லின்னேயஸ் 1737-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தது அந்த இலங்கைச் செடியைக் கொண்டுதான். மலேசியாவில் இருக்கும் நம் வாசகர்களுக்கு இதெல்லாம் வேலியோரச் செடி. மலாயில் பெரியோக் கெரா, குரங்குப் பானை என்று பெயர், குடுவைக்குள் பசையரிசியும் தேங்காய்ப்பாலும் நிரப்பி அவித்து விற்பதும் உண்டு.

நெப்பந்தஸில் தாழ்நிலத்து வகை, மலை வகை என்று இரண்டு இருப்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மலை வகைக்கு இரவுக் குளிர் வேண்டும், நமக்கு ஆகாது. மிராபிலிஸ், ஆம்புலேரியா, ராஃப்ளீசியானா போன்ற தாழ்நிலத்து வகைகளும், வென்ட்ராட்டா என்ற கலப்பினமும் சென்னை, நாகர்கோவில் போன்ற ஈரக்காற்று உள்ள ஊர்களில் நன்றாக வருகின்றன. மதுரை, திருச்சியில் சூட்டைவிடக் காற்றின் வறட்சிதான் தொல்லை. என் வென்ட்ராட்டா ஆடியிலிருந்து மாசிவரை குடுவை விடும், பங்குனி பிறந்ததும் நுனி காய்ந்து நின்றுவிடும், செடி சாவதில்லை. 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காலை வெயில் படும்படி, நாலு செடிகளுக்கு நடுவில் கூட்டமாக வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதற்குத் தட்டில் தண்ணீர் நிறுத்தக் கூடாது, வேர் அழுகும். நார் நாராக இருக்கும் ஸ்பேக்னம் பாசியோடு பெர்லைட், மரப்பட்டைத் துண்டு கலந்து, மேலிருந்து ஊற்றி வடியவிட வேண்டும்.

இப்போது நான் ஆசையோடு சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே பூச்சி தின்னும் செடிகள் இருக்கின்றன, பலர் அவற்றை மிதித்துக்கொண்டே போகிறோம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, தை மாதம், ஏரியின் உள்வாயில் தண்ணீர் பின்வாங்கிய ஈர மணலில், புல்கூடச் சரியாக முளைக்காத திட்டுகளைப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பாக, தரையோடு ஒட்டிய பூப்போல ஒன்று கிடக்கும். அதுதான் டிரோசீரா பர்மானி. முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் ஈர மணலில் குப்புறப் படுத்துவிட்டேன், லென்ஸை அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோக வேறு வழியில்லை. கரண்டி வடிவ இலை, அதன்மேல் முழுக்கச் செந்நிறத் தண்டுகள், ஒவ்வொரு நுனியிலும் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒரு பசைத்துளி. காலை ஒன்பது மணிக்குப் பனியெல்லாம் காய்ந்த பிறகும் அது மட்டும் காயாமல் மின்னியது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு குட்டி எறும்பு விளிம்பில் கால் வைத்தது. ஓரத்திலிருந்த நீண்ட தண்டுகள் சில விநாடியில் உள்பக்கம் மடிந்து அதை நடுவில் தள்ளிவிட்டன. டிரோசீரா என்றாலே மணிக்கணக்கில் மெதுவாக மடியும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, நம் ஊர்ச் செடி இவ்வளவு வேகமாக வேலை செய்வதை அன்றுதான் கண்ணால் பார்க்க முடிந்தது.

அதே மாதிரி இடங்களில் டிரோசீரா இண்டிகாவும் உண்டு. அது நிமிர்ந்து வளரும், இலை நூல் மாதிரி இருக்கும், பூ இளஞ்சிவப்பு. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் கிழங்கிலிருந்து முளைக்கிற பெல்டாட்டா இருக்கிறது. சித்த மருத்துவத்தில் வரும் அழுகண்ணி டிரோசீராதான் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அழுகிற கண் போலத் துளி நிற்பதால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அதே பெயர் வேறு செடிகளுக்கும் வழங்குகிறது, ஆகவே பெயரை நம்பி எதையும் பறித்து மருந்தாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். குளத்திலும் வயல் ஓரத் தேங்கலிலும் மஞ்சள் பூவோடு மிதக்கிற யூட்ரிகுலேரியா ஆரியாவும் பூச்சியுண்ணிதான். அதற்கு வேரே கிடையாது. தண்ணீருக்கடியில் இருக்கும் கிளைகளில் கடுகு மாதிரி சின்னச் சின்னப் பைகள் தொங்கும். பைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஒட்டிப்போய்க் காத்திருக்கும். நீர்ப்பூச்சி வாசல் முடியைத் தொட்டதும் கதவு திறந்து, ஒரு மில்லி விநாடிக்குள் தண்ணீரோடு உறிஞ்சிவிடும். தாவர உலகில் இதைவிட வேகமான அசைவுகள் மிகச் சிலவே.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது டிரோசீரா பர்மானியைத்தான். ஏரியிலிருந்து செடியைத் தோண்டி எடுக்காதீர்கள். வேர் அற்பமானது, பெயர்த்தால் பெரும்பாலும் பிழைக்காது. அதுபோன்ற ஈரத்திட்டுகள் வீட்டுமனையாகவும் குப்பைமேடாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன, நாமும் சேர்ந்து காலி செய்ய வேண்டாம். இது தன் மகரந்தத்தாலேயே விதை கட்டும். வளர்ப்பவர்களிடம் கேட்டால் காகிதத்தில் மடித்து விதை கொடுப்பார்கள், மிளகுத்தூள் மாதிரி இருக்கும். பீட் மாஸும் மணலும் சரிபாதி கலந்து, சட்டியைத் தட்டில் வைத்து நன்றாக நனையவிட்டு, விதையை மேலாகத் தூவுங்கள். மண் போட்டு மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். முளைக்கும்வரை கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ மேலே போட்டு, சுள்ளென்ற வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஊசிமுனை அளவில் பச்சை தெரியும், லென்ஸ் இருந்தால் அந்த அளவிலேயே பசைத்துளி நிற்பதைப் பார்க்கலாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள், வெயில் ஏற ஏறச் சிவப்பு ஏறும். செடியின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். பூத்து முடித்துச் சாகும் முன் அதே சட்டியில் விதையைக் கொட்டிவிட்டுப் போகும். என்னிடம் இருப்பது முதல் செடியின் எட்டாவது தலைமுறை.

கொசு குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். குறையாது. ஒரு செடி பிடிக்கும் பூச்சிகளின் எண்ணிக்கை சொற்பம், அதில் கொசு இன்னும் சொற்பம். நெப்பந்தஸ் குடுவைத் தண்ணீரிலேயே வாழப் பழகிய கொசுப்புழு வகைகள் காடுகளில் இருக்கின்றன. இந்தச் செடிகளைக் கொசுவிரட்டி என்று விளம்பரம் செய்து விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம். ஃபிளைட்ராப் விதை என்று நீலமும் ஊதாவுமாகப் படம் போட்டு விற்பதையும் நம்ப வேண்டாம். உண்மையான விதை கறுப்பாக, பளபளப்பாக, மிளகைவிட மிகச் சிறியதாக இருக்கும். அதிலிருந்து முழுச்செடி வளர மூன்று நான்கு வருடம் பிடிக்கும்.

மீட்டர் வாங்கியதும் உங்கள் போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டையும் அளந்து எண்களை இங்கே எழுதுங்கள். கிழங்கை அலசிய பிறகு எடுத்த படம் ஒன்றும் போடுங்கள். அது பிழைக்குமா என்பதை அந்தப் படத்தை வைத்து ஓரளவு சரியாகவே சொல்லிவிட முடியும்.